நான்கு வரிக்குள் அடங்காத கதை: ஃப்யூனரல் ஹோம் நடத்தும் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள குடும்பத்தினருக்கு,

வணக்கம். அமெரிக்காவின் சின்னச் சின்ன ஊர்களில் மூன்று, நான்கு தலைமுறையாக ஃப்யூனரல் ஹோம் (இறந்தவரின் உடலைத் தயார்செய்து இறுதிச் சடங்கை நடத்தித் தரும் இடம்) நடத்திவருகிற உங்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாம். ஆனால் மனதில் இருப்பதை மிச்சம் வைக்காமல் சொல்ல எனக்குத் தமிழில்தான் வரும். உங்கள் ஊர்களில் எங்கள் ஆட்களும் குடியிருக்கிறார்கள். உங்கள் கூடங்களில் அவர்களும் வந்து நின்று அழுதிருக்கிறார்கள். யாராவது ஒருவர் இதை உங்களிடம் சேர்ப்பார் என்று நம்புகிறேன்.

போன வருடம் என்னுடன் வேலை பார்க்கும் ஒருவரின் அப்பா காலமானார். மூன்று மணி நேரம் கார் ஓட்டிப் போய்ச் சேர்ந்த சிறிய ஊர். பெரிய தெருவில், அகலமான முன்தாழ்வாரம் வைத்த ஒரு பழைய வீடு. அதுதான் ஃப்யூனரல் ஹோம். நான் சீக்கிரமே போய்விட்டதால் கூடத்தில் யாரும் இல்லை. சுவரில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் மாட்டியிருந்தது. ஒரு கடை வாசல், இரண்டு கறுப்புக் குதிரை பூட்டிய கண்ணாடி வண்டி, தொப்பி போட்ட நாலைந்து ஆண்கள். கடைப் பலகையில் 'மரச்சாமான்கள்' என்று பெரிதாக எழுதி, அதன் கீழே சின்ன எழுத்தில் அடக்க வேலையும் செய்து தரப்படும் என்று போட்டிருந்தது.

நான் படத்தையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, அங்கே பொறுப்பில் இருந்த பெரியவர் பக்கத்தில் வந்தார். "நடுவில் நிற்பவர் என் கொள்ளுத் தாத்தா" என்றார். ஆட்கள் வர இன்னும் நேரம் இருந்தது. உள்ளறைக்குக் கூட்டிப்போய் ஓர் இரும்பு அலமாரியைத் திறந்தார். தோல் அட்டை போட்ட பேரேடுகள் ஏழெட்டு, முதுகு உரிந்து, தைத்த நூல் வெளியே தொங்கிக்கொண்டு இருந்தன. ஒன்றை எடுத்து மேசையில் வைத்து, 1918 அக்டோபரைத் திருப்பிக் காட்டினார்.

அதற்கு முந்தைய மாதங்களில் பக்கத்துக்கு மூன்று பேர், நான்கு பேர். பெயர், வயது, இறந்த தேதி, பெட்டியின் நீளம் அடியிலும் அங்குலத்திலும், உள்ளே விரித்த துணி, கையுறை, வண்டி, யார் பணம் தரவேண்டும், இதுவரை எவ்வளவு தந்திருக்கிறார். ஒவ்வொரு பதிவுக்கும் நடுவே தாராளமாக இடம் விட்டிருந்தார்கள். அக்டோபரில் அந்த இடம் காணாமல் போகிறது. வரிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. வயதுக் கட்டத்தில் இருபத்துநான்கு, முப்பத்தொன்று, இருபத்தெட்டு, பத்தொன்பது என்று வந்துகொண்டே இருக்கிறது. அந்த ஆண்டின் விஷக் காய்ச்சல், ஸ்பானிஷ் ஃப்ளூ, வழக்கத்துக்கு மாறாக நடுவயதைத் தொடாதவர்களையும் ஏராளமாகத் தூக்கிக்கொண்டு போனது என்று படித்திருக்கிறேன். அதை மையில் எழுதிப் பார்த்தது அன்றுதான். மாதத்தின் நடுவில் கையெழுத்தும் மாறுகிறது. சாய்வான, அவசரமான எழுத்து ஒரு பதிவின் பாதியில் நின்றுபோய், நிமிர்ந்த சின்ன எழுத்து தொடங்குகிறது.

"இங்கே அவரும் படுத்துவிட்டார். இது கொள்ளுப் பாட்டியின் கை" என்றார் பெரியவர். "மூன்று வாரம் அவள்தான் எல்லாம் பார்த்தாளாம். குளிப்பாட்டினது, உடுத்தினது, கணக்கு எழுதினது, எல்லாம்."

கிளம்பும்போது வாசல் மேசையிலிருந்த மடிப்பிதழ் ஒன்றை எடுத்துவந்தேன். பின்பக்கத்தில் 'எங்கள் வரலாறு' என்று நான்கு வரி. கொள்ளுத் தாத்தா தொடங்கினார். தாத்தா இந்தக் கட்டடத்துக்கு மாற்றினார். அப்பா சேப்பலை, அதாவது பிரார்த்தனைக் கூடத்தை, விரிவாக்கினார். இன்றும் அதே அக்கறையோடு உங்களுக்குச் சேவை செய்கிறோம். அவ்வளவுதான். பாட்டி அதில் இல்லை. 1918-உம் இல்லை.

அதற்கப்புறம் இம்மாதிரி மடிப்பிதழ் எங்கே கிடைத்தாலும் வாங்கிப் படிக்கிறேன். பெயரையும் ஆண்டையும் மாற்றிவிட்டால் எல்லாம் ஒன்றுதான். கொள்ளுத் தாத்தா, தாத்தா, அப்பா, சேப்பல், அக்கறை. ஒரு ஊரில் நூறு வருடத்தில் யார் யார் செத்தார்கள், எதனால், எந்த வயதில், அவர்களுக்காக யார் கடன் பட்டார்கள் என்பதை ஊரிலேயே அதிகம் தெரிந்து வைத்திருந்த குடும்பம், தன்னைப் பற்றிச் சொல்ல நான்கு வரிக்கு மேல் எழுதவில்லை என்பது எனக்கு ஆறவே இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம். உங்கள் கதையை முழுசாக எழுதுங்கள். அதற்கு ஆதாரமாக இருக்கும் அந்தப் பேரேடுகளைக் கைவிட்டுவிடாதீர்கள்.

முதல் வரியிலிருந்தே தொடங்கலாம். 'கொள்ளுத் தாத்தா தொடங்கினார்' என்கிறீர்களே, அவர் எதைத் தொடங்கினார்? பெரும்பாலும் அவர் இந்தத் தொழிலைத் தொடங்கவே இல்லை. தொழில்தான் அவரிடம் வந்து ஒட்டிக்கொண்டது. அவர் நாற்காலியும் கட்டிலும் செய்கிற தச்சராக இருந்திருப்பார். ஊரில் யாராவது இறந்தால் இரவில் வந்து கதவைத் தட்டுவார்கள், அளவு எடுத்துப் பெட்டி செய்வார். இல்லையென்றால் வாடகைக்குக் குதிரை விடும் லாயம் வைத்திருந்திருப்பார். வண்டி அவரிடம்தான் இருந்தது. பிணத்தைக் கழுவி உடுத்துவதோ வீட்டுப் பெண்களின் வேலை, அல்லது அதில் கைப்பழக்கம் உள்ள அக்கம்பக்கத்துப் பெண்ணின் வேலை. பெரிய நகரங்களில் அதையே பிழைப்பாகச் செய்த பெண்களும் இருந்தார்கள். உங்கள் தொழிலின் பாதி, ஆண்கள் கைக்கு வருவதற்கு முன்னால் பெண்கள் கையில் இருந்தது. சுவரில் மாட்டிய படங்களில் அந்தப் பாதி தெரிவதில்லை.

அதை மாற்றியது அமெரிக்க உள்நாட்டுப் போர். 1861 மே மாதம் வர்ஜீனியாவின் அலெக்ஸாண்ட்ரியாவில் கர்னல் எல்மர் எல்ஸ்வொர்த் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜனாதிபதி லிங்கனுக்கு மிக வேண்டியவர். தாமஸ் ஹோம்ஸ் என்பவர் அந்த உடலை ரத்தக் குழாய் வழியாக மருந்து செலுத்திப் பதப்படுத்த, வெள்ளை மாளிகையில் பார்வைக்கு வைத்தார்கள். அதன் பிறகு, தூரத்துப் போர்க்களத்தில் மகனைப் பறிகொடுத்த குடும்பங்கள் இப்படி எம்பாமிங் செய்து ரயிலில் அனுப்பச் சொல்லிக் கேட்க ஆரம்பித்தன. போர்முகாம்களுக்குப் பக்கத்திலேயே எம்பாமிங் செய்பவர்கள் கூடாரம் போட்டார்கள். துக்கத்தில் இருப்பவர்களிடம் பணம் பிடுங்கியவர்களும் அவர்களில் இருந்தார்கள். 1865 மார்ச்சில் ராணுவமே அனுமதி பெற்றவர்தான் இதைச் செய்யலாம் என்று உத்தரவு போடவேண்டி வந்தது. அடுத்த மாதம் லிங்கன் கொல்லப்பட்டார். அவர் உடல் வாஷிங்டனிலிருந்து ஸ்பிரிங்ஃபீல்டுக்கு ஊர் ஊராக நின்று நின்று, ஏறக்குறைய இரண்டு வாரம் ரயிலில் போனது. லட்சக்கணக்கான சாதாரண ஜனங்கள், இறந்த மனிதரின் முகம் இப்படியும் வைத்திருக்கப்படலாம் என்பதைக் கண்ணால் பார்த்தார்கள். உங்கள் கொள்ளுத் தாத்தாவின் தச்சுப் பட்டறை வேறொன்றாக மாறியதற்கு அந்த ரயில் ஒரு முக்கியமான காரணம்.

1882-ல் நியூயார்க் மாநிலத்து ராசெஸ்டரில் கூடித் தேசியச் சங்கம் ஆரம்பித்தபோது, இந்தத் தொழிலுக்குப் புதிதாக ஒரு மரியாதையான பெயரும் வைத்துக்கொண்டார்கள். பெயர் மாறினாலும் வேலை இன்னும் வீடுகளில்தான் நடந்தது. உங்கள் முன்னோர் மடக்குப் பலகையையும் மருந்துப் புட்டியையும் தூக்கிக்கொண்டு இறந்தவர் வீட்டுக்கே போனார்கள். அந்தப் புட்டியில் என்ன இருந்தது என்பதையும் எழுதவேண்டும். ஃபார்மால்டிஹைடு பரவலாக வரும் வரை ஆர்சனிக் கலந்த மருந்துகள்தான் நிறையப் புழக்கத்தில் இருந்தன. பட்டறையின் பின்கட்டில் அதைக் கலந்த கை, கழுவிய பாத்திரம், அதே முற்றத்தில் விளையாடிய குழந்தைகள். இதைப் பற்றிக் குடும்பத்தில் யாருக்காவது ஏதாவது நினைவு இருந்தால் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

அப்புறம்தான் வீடு வருகிறது. பழைய வீடுகளில் இறந்தவரைக் கிடத்த ஒரு முன்னறை இருந்தது. பிறகு வீடுகள் சிறுத்தன. ஜனங்கள் ஆஸ்பத்திரியில் சாக ஆரம்பித்தார்கள். ஆகவே 20-ஆம் நூற்றாண்டின் முதல் சில பத்தாண்டுகளில், ஊரில் வசதியானவர் யாராவது கட்டிவிட்டுப் போன பெரிய வீட்டை உங்கள் தாத்தா வாங்கினார். கீழே கூடம், பின்கட்டில் எம்பாமிங் அறை, மாடியில் குடும்பம். ஃப்யூனரல் ஹோம் என்ற பெயரில் உள்ள 'ஹோம்' சும்மா அலங்காரத்துக்கு வைத்ததல்ல. அங்கே நிஜமாகவே ஒரு குடும்பம் குடியிருந்தது.

மாடியில் வளர்ந்த பிள்ளைகளைக் கேட்டு எழுதுங்கள் என்று இந்த இடத்தில் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கீழே ஆள் இருந்தால் மாடியில் ஓடக்கூடாது, தண்ணீர்க் குழாயைத் திறக்கக்கூடாது, வறுக்கிற வாசனை இறங்கக்கூடாது. அந்தப் பெரியவர் எனக்குச் சொன்னது: "சின்ன வயசில் நாங்கள் நால்வரும் காலுறையோடுதான் நடப்போம். எனக்கு இன்னும் அந்த நடை போகவில்லை." அவர் நடந்துபோனதைக் கவனித்தேன். எழுபது வயதுக்காரர், கனமான உடம்பு, மரத்தரையில் ஒரு சத்தமும் இல்லை. இப்படிப்பட்ட விஷயங்களை அறிந்தவர்கள் இன்று அறுபது, எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அடுத்த தலைமுறை வேறு வீடுகளில் வளர்ந்துவிட்டது.

தொலைபேசியைப் பற்றியும் எழுதுங்கள். யாராவது ஒருவர் எப்போதும் அதன் பக்கத்தில் இருந்தாக வேண்டும். விடுமுறைக்குக் குடும்பமாகப் போக முடியாது. உங்கள் தொழிலுக்கும் தொலைபேசிக்கும் ஒரு பழைய பந்தம் உண்டு. ஆபரேட்டர் இல்லாமல் தானாக இணைக்கும் எக்ஸ்சேஞ்சுக்கு 1891-ல் காப்புரிமை வாங்கிய ஆல்மன் ஸ்ட்ரோஜர் உங்களைப் போல ஈமத்தொழில் செய்தவர். போட்டியாளரின் மனைவி எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து அழைப்புகளைத் தன் கணவருக்கே திருப்பிவிட்டதால்தான் அவர் இதைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, 1892-ல் இண்டியானாவின் லா போர்ட் என்ற சிறிய ஊரில் அவருடைய எக்ஸ்சேஞ்ச் வேலை செய்ய ஆரம்பித்தது உண்மை.

ஆம்புலன்ஸ் விஷயத்தைக் கொஞ்சம் நின்றுதான் சொல்லவேண்டும். ஏனென்றால் இதைத்தான் ஊரே மறந்துவிட்டது. படுத்தபடி ஒரு ஆளைக் கொண்டுபோகக்கூடிய வண்டி அநேக ஊர்களில் உங்களிடம் மட்டும்தான் இருந்தது. அதனால் விபத்தா, பிரசவமா, மாரடைப்பா, உங்களைத்தான் கூப்பிட்டார்கள். 1966-ல் தேசிய அறிவியல் அகாடமி வெளியிட்ட அறிக்கை, நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் ஏறக்குறையப் பாதியை 12,000 ஈமத்தொழில் செய்பவர்கள் நடத்துகிறார்கள் என்று சொன்னது. அதற்குக் காரணமாக அவர்கள் வண்டியில் ஸ்ட்ரெச்சர் ஏறும் என்பதைத்தான் சொன்னது. பயிற்சி போதாது, வண்டியில் கருவிகள் போதாது, இது மாறியே தீரவேண்டும் என்பதும் அதே அறிக்கையின் சாரம். அது சரியான தீர்ப்பு. 1970-களில் விதிகள் கடுமையாக, நீங்கள் ஒவ்வொருவராக அந்த வேலையை விட்டுவிட்டீர்கள்.

ஆனால் அதற்கு முந்தைய முப்பது, நாற்பது வருடம்? நடுராத்திரியில் சட்டை மாட்டிக்கொண்டு ஓடியது யார்? எத்தனை குழந்தைகள் உங்கள் வண்டியில் பிறந்தன? சவ வண்டியில் ஏற்றிப்போய்ப் பிழைத்தவர்கள் ஊரில் இன்னும் இருப்பார்கள். முதலுதவி தெரியாததால் வழியிலேயே போனவர்களும் இருந்திருப்பார்கள். அந்த இரண்டையும் உங்கள் அப்பா பார்த்திருக்கிறார், இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டே மறுநாள் கூடத்தைக் கூட்டிப் பெருக்கியிருக்கிறார். மடிப்பிதழில் இதற்கு ஒரு சொல்கூட இல்லாதது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எழுதுவதற்குக் கூச்சமான பக்கங்களும் உண்டு. 'ஊரில் எல்லோருக்கும் சேவை செய்தோம்' என்று எழுதும் முன் பேரேட்டைப் புரட்டிப் பாருங்கள். தெற்கு மாநிலங்களில் மட்டுமல்ல, பல இடங்களிலும் வெள்ளையர் நடத்திய வீடுகள் கறுப்பின மக்களை வாசலில் சேர்க்கவில்லை, அல்லது பின்வாசலில் நிறுத்தின. கறுப்பின மக்கள் தங்கள் வீடுகளைத் தாங்களே நடத்திக்கொண்டார்கள். வெள்ளையர் வாடிக்கையை நம்பிப் பிழைக்காத மிகச் சில தொழில்களில் அது ஒன்று. அதனால்தான் அவர்களால் நிமிர்ந்து நிற்க முடிந்தது. அலபாமாவின் பர்மிங்ஹாமில் ஈமத்தொழிலில் தொடங்கிப் பெரிய ஆளாக வந்த ஏ. ஜி. காஸ்டனின் விடுதியில்தான் 1963-ல் மார்ட்டின் லூதர் கிங்கும் கூட்டாளிகளும் தங்கி நிறவெறிக்கு எதிரான போராட்டத்தை நடத்தினார்கள். 1955-ல் மிசிசிப்பியில் கொல்லப்பட்ட பதினான்கு வயது எம்மெட் டில்லின் உடல் மூடிய பெட்டியில் சிகாகோ வந்தது. திறக்கக்கூடாது என்ற கட்டுப்பாட்டோடு அனுப்பியிருந்தார்கள். தாய் திறக்கச் சொன்னார். ரெய்னர் ஃப்யூனரல் ஹோமில் திறந்தார்கள். மகனுக்கு என்ன செய்தார்கள் என்பதை உலகம் பார்க்கட்டும் என்று அந்தத் தாய் முடிவெடுத்தபோது, அதற்கு இடம் கொடுத்தது உங்கள் தொழிலைச் செய்த ஒரு வீடு.

உங்களில் அந்த வரிசையில் வந்த குடும்பங்கள் இருக்கிறீர்கள். இப்படிப்பட்ட வீடுகளின் காகிதங்கள்தான் மற்ற எல்லாவற்றையும்விட அவசரமாகக் காப்பாற்றப்பட வேண்டியவை. ஊர்ப் பத்திரிகை அந்த மக்களின் மரணத்தை ஒரு வரிகூட எழுதாத காலத்தில், உங்கள் பேரேடு பெயரோடும் வயதோடும் எழுதி வைத்தது. மறுபக்கத்தில் இருந்த குடும்பங்களே, உங்கள் தாத்தா யாரைத் திருப்பி அனுப்பினார் என்பதை எழுதுவது அவரை அவமானப்படுத்துவதாகாது. அதை மறைத்து எழுதுகிற நான்கு வரியை ஊரில் பாதிப்பேர் நம்பப்போவதும் இல்லை.

பணத்தைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். 1963-ல் உங்கள் தொழிலைக் கடுமையாகச் சாடி ஜெசிக்கா மிட்ஃபோர்டின் புத்தகம் வந்தபோது உங்கள் வீடுகளில் என்ன கோபம் வந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். துக்கத்தில் இருப்பவரிடம் தேவைக்கு மேல் விற்கிறார்கள் என்ற அந்தக் குற்றச்சாட்டு எல்லோருக்கும் பொருந்தாது. யாருக்குமே பொருந்தாது என்றும் சொல்ல முடியாது. 1984-ல் மத்திய வர்த்தக ஆணையத்தின் விதி நடைமுறைக்கு வந்தது. விலைப்பட்டியலை எழுத்தில் தரவேண்டும், தொலைபேசியில் கேட்டாலும் விலை சொல்லவேண்டும், சட்டம் கேட்காத இடத்தில் எம்பாமிங் கட்டாயம் என்று சொல்லக்கூடாது. நியாயமான விதி. அதற்கு முன்பே உங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது என்றால் பேரேடு சாட்சி சொல்லும். அந்தப் பெரியவர் காட்டிய பக்கங்களில் பாதிக் கணக்கு முழுசாக அடையவே இல்லை. வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வந்து, ஒரு கட்டத்தில் குறுக்கே ஒரு கோடு. கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சொல்லும் இல்லை. அந்தக் கோட்டை ஒரு விளம்பரத்திலும் யாரும் போட்டதில்லை.

குடும்பம் நடத்துகிறது என்பதே எல்லாவற்றுக்கும் உத்தரவாதம் என்று நான் நினைக்கவில்லை. 2002-ல் ஜார்ஜியாவின் நோபிள் என்ற சிற்றூரில், எரியூட்ட ஒப்படைக்கப்பட்ட 334 உடல்கள் எரிக்கப்படாமல் கண்டெடுக்கப்பட்டன. அதுவும் அப்பாவிடமிருந்து மகன் கைக்கு வந்த குடும்பத் தொழில்தான். அக்கம்பக்கத்தில் நல்ல பெயர் இருந்த குடும்பம். அந்தச் செய்தியைப் படித்தவர்களுக்கு 'மூன்று தலைமுறை நம்பிக்கை' என்ற வாசகம் மட்டும் போதாது. என்ன செய்தோம், எப்படிச் செய்தோம் என்று சொல்கிற குடும்பத்தைத்தான் நம்பத் தோன்றும்.

விற்பனைக்கு வருகிறேன். உங்களில் பலரின் மனதில் இப்போது இருப்பது இதுதான் என்று தெரியும். பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். 1960-ல் நூற்றுக்கு நான்கு பேரைக்கூட எரியூட்டாத நாட்டில், 2015-ல் எரியூட்டல் அடக்கத்தைத் தாண்டிவிட்டது. பெட்டி விற்று வந்த வருமானம் போய்விட்டது. பெரிய நிறுவனம் வந்து நல்ல விலை கேட்கிறது. விற்றால் நான் உங்களைக் குறை சொல்லமாட்டேன். அறுபது வருடம் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குடும்பத்துக்கு எழுந்து போக உரிமை உண்டு.

ஆனால் அந்த விற்பனையின் வரலாறும் உங்கள் வரலாறுதான். இந்தத் துறையின் மிகப்பெரிய நிறுவனத்தை 1962-ல் ஹூஸ்டனில் தொடங்கிய ராபர்ட் வால்ட்ரிப், அப்பாவின் ஃப்யூனரல் ஹோமைக் கையில் எடுத்து வந்தவர். போட்டியாக வளர்ந்த ரே லோவன், கனடாவில் மனிடோபாவின் ஸ்டைன்பாக் என்ற சிறிய ஊரில் இதே தொழில் செய்த குடும்பத்துப் பிள்ளை. உங்களிலிருந்து போனவர்கள்தான் உங்களை வாங்க வந்தார்கள். எங்கே பேசவேண்டும், எதைச் சொன்னால் மனசு இளகும் என்று அவர்களுக்குத் தெரியும். வாசல் பலகையில் பழைய பெயரை அப்படியே விட்டுவைப்பார்கள். ஊர்க்காரர்கள் பெயரைப் பார்த்துத்தான் வருகிறார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

பிலாக்ஸியின் ஜெரமையா ஓ'கீஃப் என்ன செய்தார் என்பது உங்களுக்கெல்லாம் தெரிந்திருக்கும். மிசிசிப்பிக் கடற்கரையில் குடும்பத் தொழில் நடத்தியவர். செய்த ஒப்பந்தத்தை மீறிவிட்டார்கள் என்று லோவன் குழுமத்தின் மேல் வழக்குப் போட்டார். 1995-ல் ஜாக்சன் நீதிமன்றத்தின் ஜூரி 50 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. மறு வருடம் 17.5 கோடி டாலருக்குச் சமாதானம் ஆனது. ஆயிரத்துக்கு மேல் வீடுகளை வாங்கிக் குவித்திருந்த அந்தக் குழுமம் 1999-ல் திவாலானது. அப்படிக் கை மாறிய ஆயிரம் வீடுகளின் அலமாரிகள் என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். கட்டடம் சொத்துப் பட்டியலில் வரும், வண்டி வரும், வாடிக்கையாளர் நம்பிக்கைக்குக்கூட ஒரு விலை போடுவார்கள். கிழிந்த பேரேட்டுக்கு ஒரு கட்டமும் இராது.

அதனால் சில காரியங்களைச் சொல்லிவிடுகிறேன். விற்கும்போது பத்திரத்திலேயே எழுதுங்கள்: இந்த ஆண்டுக்கு முற்பட்ட பேரேடுகளும் படங்களும் குடும்பத்துக்கே சொந்தம், அல்லது கவுண்டி வரலாற்றுச் சங்கத்துக்கோ ஊர் நூலகத்துக்கோ போகும் என்று. கிழிந்த முதுகை டேப் போட்டு ஒட்டவேண்டாம். பசை தாளைத் தின்றுவிடும். அடித்தளத்தில் வைக்காதீர்கள், ஈரம் ஏறும். யாராவது கல்லூரிப் பிள்ளையைப் பிடித்துப் பக்கம் பக்கமாகப் படம் எடுக்கச் சொல்லுங்கள். உயிரோடு இருப்பவர்களுக்கு வருத்தம் தரும் அண்மைக்காலப் பதிவுகளை மூடியே வையுங்கள். அதற்கென்று ஒரு காலவரை குறித்துக் கொடுங்கள்.

இவ்வளவு ஏன் கேட்கிறேன் என்றால், அந்தத் தாளில் இருப்பது பல இடங்களில் வேறெங்கும் இல்லை. மரணங்களைப் பதியும் ஒழுங்கு இந்த நாட்டில் எல்லா மாநிலத்துக்கும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1880-ல் மாசசூசெட்ஸ், நியூ ஜெர்சி, தலைநகரம், சில பெரிய நகரங்கள் என்று தேசியப் பதிவு வட்டம் தொடங்கியது. 1900-ல்கூடப் பத்து மாநிலங்கள்தான் அதற்குள் இருந்தன. கடைசியாக டெக்ஸாஸ் சேர்ந்தது 1933-ல். அந்த இடைவெளியில் இறந்த ஒரு கூலிக்காரருக்கு, பெயர் வைக்கும் முன் போன ஒரு குழந்தைக்கு, இந்த உலகத்தில் இருந்ததற்கான ஒரே எழுத்து உங்கள் தாத்தா போட்ட அந்த ஒரு வரியாக இருக்கக்கூடும். கல்லறையில் மரப்பலகை நட்டிருந்தால் அது மக்கிப் போயிருக்கும்.

எழுத உட்கார்ந்தால் பெண்களிடமிருந்து தொடங்குங்கள். பெட்டிக்கு உள்ளே துணி தைத்தது யார், இறந்த பெண்களையும் குழந்தைகளையும் கழுவி உடுத்தியது யார், பத்திரிகைக்கு அறிவிப்பு எழுதிக் கொடுத்தது யார், கடன் கேட்டு வந்தவரிடம் என்ன சொன்னது யார். சம்பளப் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லாமல் இருக்கலாம். கையெழுத்து இருக்கும். எந்தக் கையெழுத்து யாருடையது என்று அடையாளம் சொல்லக்கூடியவர் உங்கள் வீட்டில் இன்னும் ஒருவராவது இருப்பார். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு பேரேட்டிலும் ஒரு துண்டுத் தாளில், பென்சிலால், இந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வரை இன்னார் என்று எழுதி வையுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும்.

அந்தப் பெரியவரிடம் அன்று கொள்ளுப் பாட்டியின் பெயரைக் கேட்டேன். சொன்னார். "எங்காவது எழுதி வைத்திருக்கிறீர்களா?" என்றேன். கொஞ்ச நேரம் அந்த அக்டோபர்ப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் வாசலில் கார்கள் வந்து நிற்க ஆரம்பித்தன. பேரேட்டை மூடி அலமாரியில் வைத்துவிட்டு, கோட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு, சத்தமில்லாமல் வாசலுக்குப் போனார்.

அன்புடன்,
அன்று உங்களில் ஒருவரின் கூடத்தில் சீக்கிரமாக வந்து காத்திருந்த ஒருவர்